சிறுவர்களே நாயகர்களாக ஒரு ஃபேன்டஸி கேம்பெயின்: எந்த விதிகளை எடுப்பது?

வாள், மந்திரம், டிராகன் எல்லாம் உள்ள உலகம். ஆனால் அதில் சாகசத்துக்குக் கிளம்புகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். டேபிள்டாப் ரோல்பிளேயிங் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டம்) கொஞ்ச காலம் ஆடியவர்களுக்கு இப்படி ஒரு கேம்பெயின், அதாவது பல நாள் நீளும் தொடர்கதை, நடத்திப் பார்க்கும் ஆசை வருவது இயல்பு. ஆசை வந்ததும் பலர் கேட்கும் முதல் கேள்வி, பிள்ளைகளுக்கு ஸ்ட்ரெங்த் (உடல்வலிமை எண்) எவ்வளவு குறைக்கலாம் என்பதுதான். நான் அதைக் கடைசியில் வைப்பேன். முதலில் தீர்மானிக்க வேண்டியது, அந்தப் பிள்ளை தோற்றுப்போனால் என்ன ஆகும் என்பதை. சாகுமா, காயப்படுமா, பயந்து வீட்டுக்கு ஓடுமா, பெரியவர்களிடம் மாட்டிக்கொள்ளுமா? எந்த விதிப்புத்தகம் பொருந்தும் என்பது இந்தப் பதிலைப் பொறுத்தது. கீழே வரும் ஒவ்வொன்றையும் இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் எடை போட்டிருக்கிறேன்.

மேசையில் உட்காருகிறவர்கள் வளர்ந்தவர்கள், ஆடும் கேரக்டர்கள் மட்டும் சிறுவர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ஆடுகிறவர்களே சிறுவர்களாக இருந்தால் கணக்கு வேறு. அதற்கும் ஒரு பத்தி உண்டு.

டிஎன்டியை அப்படியே எடுப்பது

டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் (டிஎன்டி) ஐந்தாம் பதிப்புதான் பெரும்பாலான மேசைகளில் ஏற்கனவே இருக்கிறது. 2014-இல் வந்தது, 2024-இல் திருத்தப்பட்டது. அதன் அடிப்படை விதிகளின் தொகுப்பு 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. விதிகளில் எதையும் மாற்றாமல், ‘உன் ஃபைட்டருக்கு வயது பதினொன்று’ என்று மட்டும் சொல்லிவிட்டு ஆரம்பிப்பது முதல் வழி. புதிதாக எதுவும் படிக்க வேண்டாம், அன்றைக்கே ஆடலாம்.

எண்களை உற்றுப் பார்த்தால் சில விசித்திரங்கள் தெரியும். ஐந்தாம் பதிப்பில் ஸ்ட்ரெங்த் எண்ணை 15-ஆல் பெருக்கினால் எத்தனை பவுண்டு சுமக்கலாம் என்பது வரும். ஸ்ட்ரெங்த் 8 உள்ள நோஞ்சான் பிள்ளைகூட 120 பவுண்டு, அதாவது 54 கிலோ சுமந்து நடக்கும். இது யாரையும் உறுத்துவதில்லை. கதைகளில் வரும் பிள்ளைகள் இப்படித்தான் இருப்பார்கள், ஆட்டக்காரர்களும் அதை எதிர்பார்த்துத்தான் வருகிறார்கள்.

உறுத்துவது லெவல், அதாவது அனுபவம் சேரச் சேர கேரக்டரின் திறன் ஏறும் படி. விதிப்படி 6,500 அனுபவப் புள்ளிகளில் ஐந்தாம் லெவல் வந்துவிடும். கதைக்குள் அது சில வாரங்களாகவே இருக்கலாம். அப்போது விசார்டு (மந்திரவாதி) பிள்ளையின் கையில் ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரம் இருக்கும். எட்டு ஆறுமுகப் பகடை, சராசரியாக 28 சேதம். ஊரில் உள்ள சாதாரண மனிதருக்கு விதிப்புத்தகம் தருவது 4 ஹிட் பாயிண்ட், அதாவது அவர் தாங்கக்கூடிய சேதம் அவ்வளவுதான். ‘பொழுது சாய்ந்தபின் வெளியே போகாதே’ என்று தாய் சொல்கிறாள், அந்தத் தெருவையே எரித்துவிடக்கூடிய பிள்ளை கேட்டுக்கொண்டு நிற்கிறது. சிறுவர் கதையின் உயிரே பெரியவர்களின் சொல்லுக்கு இருக்கிற கனத்தில்தான். அது போய்விட்டால் மிஞ்சுவது குட்டை உருவத்தில் உலவும் வழக்கமான சாகசக் குழு.

இதற்குச் சுலபமான மருந்து உண்டு. கதைக்குள் ஓர் ஆண்டுக்கு ஒரு லெவல் என்று வைத்துவிடுங்கள், அல்லது மூன்றாம் லெவலோடு நிறுத்திவிடுங்கள். குகை, சண்டை, புதையல் என்று உற்சாகமாக ஆட விரும்பும் மேசைக்கு இந்த ஒரு திருத்தம் போதும்.

இந்த வழியில் எனக்கு மிகவும் பிடித்தது வயதுக் குழப்பம். 2014 விதிப்புத்தகத்தின்படி நீண்ட ஆயுள் கொண்ட எல்ஃப் இனத்தார் நூறு வயது வாக்கில்தான் தங்களைப் பெரியவர்களாகக் கருதுவார்கள். டிராகன் சாயல் கொண்ட டிராகன்பார்ன் இனப் பிள்ளை மூன்று வயதிலேயே பத்து வயது மனிதப் பிள்ளையின் வளர்ச்சியை எட்டிவிடும், பதினைந்தில் வளர்ந்த ஆள். இந்த இரண்டு பிள்ளைகளும் ஒரு மனிதப் பிள்ளையும் கூட்டாளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்ஃப் சிறுமி, மனிதப் பிள்ளையின் தாத்தாவோடு அவர் சிறுவனாக இருந்தபோது விளையாடியவள். அவள் பெரியவளாவதற்குள் இப்போதைய கூட்டாளிகள் கிழவர்களாகிவிடுவார்கள். விதிப்புத்தகம் ஒற்றை வரியில் கடந்துபோகும் இந்த எண்களிலிருந்தே ஒரு முழுக் கேம்பெயினை எடுக்கலாம்.

டிஎன்டியைக் குறைத்து ஆடுவது

‘பிள்ளைகள் பலவீனமானவர்கள், எண்களிலும் அது தெரிய வேண்டும்’ என்று நினைப்பவர்கள் போகும் வழி இது. டிஎன்டியிலிருந்து கிளைத்த ஆட்டமான பாத்ஃபைண்டரின் முதல் பதிப்புக்கு 2013-இல் வந்த ‘அல்டிமேட் கேம்பெயின்’ புத்தகத்தில் இதற்கு விதியே இருக்கிறது. டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) கூடும், ஸ்ட்ரெங்த், கான்ஸ்டிட்யூஷன் (உடலின் தாங்குசக்தி), விஸ்டம் (விவேகம்) குறையும். ஃபைட்டர், விசார்டு போன்ற முழு வகுப்புகள் (கேரக்டரின் தொழில்கள்) கிடையாது. காமனர் (சாதாரண ஊர்க்காரர்), எக்ஸ்பர்ட் (தொழில் தெரிந்தவர்) போன்ற எளிய வகுப்புகளில் ஆரம்பித்து, வளர்ந்தபின் மாற்றிக்கொள்ளலாம். டிஎன்டியில் இதே வேலையை 2020-இல் வந்த ‘டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்’ புத்தகத்தின் சைட்கிக் (நாயகருக்குத் துணையாக வருபவர்) விதிகளை வைத்துச் செய்கிறார்கள். சிலர் இன்னும் கீழே இறங்கி, வெறும் காமனர் எண்களோடு பூஜ்ய லெவலில் தொடங்குகிறார்கள்.

நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். காரணத்தை எண்களிலேயே பார்க்கலாம். காமனருக்கு ஆர்மர் கிளாஸ் (அடியிலிருந்து தப்பும் எண்) 10, ஹிட் பாயிண்ட் 4. 2014 விதிகளின் கோப்ளின் (குட்டிப் பூதம்) தாக்கினால் இருபதுமுகப் பகடையில் 6-உம் அதற்கு மேலும் விழுந்தாலே அடி படும், அதாவது நான்கில் மூன்று தடவை. சேதம் ஓர் ஆறுமுகப் பகடையோடு 2, சராசரி ஐந்தரை. ஆறில் ஐந்து அடிகள் பிள்ளையைக் கீழே சாய்த்துவிடும். இன்னொரு விதியும் இருக்கிறது: பூஜ்யத்துக்குக் கீழே மிஞ்சும் சேதம் முழு ஹிட் பாயிண்டுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் அங்கேயே மரணம். பகடையில் ஆறு விழுந்தால் சேதம் எட்டு, நான்கு போக மீதி நான்கு, கதை முடிந்தது. டிஎன்டியின் மிகச் சாதாரணமான எதிரி, மிகச் சாதாரணமான ஓர் அடியில், பத்து வயதுப் பிள்ளையைக் கொன்றுவிடுகிறது.

அந்தப் பகடை உருண்டு நின்றபின் மேசை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வளர்ந்த கேரக்டர் செத்தால் ஆட்டக்காரர்கள் பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்ததை எழுதுவார்கள். பிள்ளை செத்தால் பலருக்கு அன்றைய ஆட்டம் அதோடு முடிந்துவிடும், சிலர் அடுத்த வாரம் வரமாட்டார்கள். டஞ்சன் க்ரால் கிளாசிக்ஸ் ஆட்டத்தில் ஆளுக்கு மூன்று நான்கு பூஜ்ய லெவல் குடியானவர்களைக் கொடுத்து, பெரும்பாலோர் சாக, தப்பிப் பிழைத்தவர்களை நாயகர்களாக்கும் ‘ஃபனல்’ முறை உண்டு. குடியானவர்களை வைத்து ஆடும்போது அது பிரமாதமான ஆட்டம். அதே முறையைச் சிறுவர்களிடம் கொண்டுவராதீர்கள்.

டிஎன்டியை விட மனமில்லை, ஆனாலும் ஆபத்து தெரிய வேண்டும் என்றால் எண்களைத் தொடாமல் பூஜ்யத்தின் பொருளை மாற்றுங்கள். ஹிட் பாயிண்ட் தீர்ந்தால் மயக்கம், பிடிபடுதல், கையிலிருந்த பொருள் பறிபோதல், கூடவந்த நாய் காட்டில் தொலைந்துபோதல். சாவா பிழைப்பா என்று உருட்டும் டெத் சேவிங் த்ரோ வேண்டாம். சைட்கிக் விதிகளுக்கு நல்ல உபயோகம் இங்கேதான் கிடைக்கிறது: அந்த நாய்க்கோ, பிள்ளைகளை நம்புகிற ஒரே பெரியவரான பழைய படைவீரருக்கோ அவற்றைக் கொடுங்கள்.

டேல்ஸ் ஃப்ரம் த லூப் விதிகளை ஃபேன்டஸிக்கு மாற்றுவது

2017-இல் ஸ்வீடனின் ஃப்ரீ லீக் பதிப்பகம் வெளியிட்ட இந்த ஆட்டம் ஃபேன்டஸி கிடையாது. 1980-களின் ஸ்வீடன், அமெரிக்காவின் போல்டர் சிட்டி, விசித்திர இயந்திரங்கள், ரோபோக்கள் என்று போகும். இருந்தும் நான் ஒப்பிடுகிறவற்றில் சிறுவர்களை மிக ஆழமாக யோசித்து எழுதப்பட்ட விதிகள் இவைதான். அதனால்தான் இதில் அதிக நேரம் நிற்கிறேன்.

கேரக்டர்களுக்குப் பத்து முதல் பதினைந்து வயது. உடல், தொழில்நுட்பம், இதயம், மனம் என்ற நான்கு பண்புகளுக்கும் சேர்த்து வயது எத்தனையோ அத்தனை புள்ளிகள். பதினைந்திலிருந்து வயதைக் கழித்தால் வருவது அதிர்ஷ்டப் புள்ளிகள், தவறிய பகடையைத் திரும்ப உருட்டுவதற்கு. பத்து வயதுக்காரிக்குப் பத்துப் புள்ளி, ஐந்து அதிர்ஷ்டம். பதினைந்து வயதுக்காரனுக்குப் பதினைந்து புள்ளி, அதிர்ஷ்டமே கிடையாது. சின்னப் பிள்ளைகள் எப்படியோ தப்பித்துவிடுகிறார்கள், வளர வளர அந்த ‘எப்படியோ’ போய்விடுகிறது என்பதை ஒரு கழித்தல் கணக்கில் கொண்டுவந்திருக்கிறார்கள். வேறு எந்த விதிப்புத்தகத்திலும் வயதை இவ்வளவு அழகாக எண்ணாக்கி நான் பார்த்ததில்லை.

தோற்றால் என்ன ஆகும் என்பதற்கும் தெளிவான பதில் இருக்கிறது. பிள்ளைகள் சாகமாட்டார்கள் என்று புத்தகமே ஒரு கொள்கையாக எழுதிவைத்திருக்கிறது. ஹிட் பாயிண்ட் கிடையாது. மனம் கலங்கியது, பயந்தது, களைத்தது, காயப்பட்டது என்று நான்கு நிலைகள். ஒவ்வொன்றுக்கும் உருட்டும் பகடையில் ஒன்று குறையும். நான்கும் வந்தபின் இன்னொரு அடி விழுந்தால் பிள்ளை உடைந்துபோகும், எதை முயன்றாலும் தோல்விதான். அதிலிருந்து மீள வைப்பதற்காகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் ‘ஆங்கர்’ என்று ஒருவரைக் குறித்துவைக்க வேண்டும்: பாட்டி, பக்கத்து வீட்டு மாமா, பள்ளி ஆசிரியை. அவரிடம் போய், அவர் அக்கறையோடு பார்த்துக்கொள்ளும் காட்சியை ஆடினால் நிலைகள் நீங்கும். பூதத்திடமிருந்து தப்பி ஓடிவந்த சிறுவன் பாட்டியின் அடுப்படியில் உட்காருவது இங்கே விதியாகவே எழுதப்பட்ட சிகிச்சை.

பெரியவர்களைப் பற்றியும் ஒரு கொள்கை உண்டு. அவர்கள் எட்டாத தூரத்தில் இருக்கிறார்கள், நடப்பது எதுவும் அவர்களுக்குப் புரியாது. ‘இவ்வளவு ஆபத்து இருக்கும்போது பெற்றோர் ஏன் வரவில்லை’ என்ற கேள்வியை இது வேரோடு எடுத்துவிடுகிறது. சொல்லிப் பார்ப்பார்கள், நம்பமாட்டார்கள், அவ்வளவுதான்.

ஃபேன்டஸிக்கு மாற்றுவது அவ்வளவு கடினமில்லை. மொத்தம் பன்னிரண்டு திறன்கள், பண்புக்கு மூன்று. உடல், இதயம், மனம் மூன்றின் கீழ் வரும் ஒளிவது, ஓடுவது, பழகுவது, தேடுவது எல்லாம் எந்த உலகத்துக்கும் பொருந்தும். மாற்ற வேண்டியது தொழில்நுட்பத்தின் கீழ் உள்ள மூன்றைத்தான். பழுதுபார்ப்பதைக் கைவேலையாகவும், கணினி நிரல் எழுதுவதை மந்திர எழுத்துகளாகவும், கணக்கிடுவதை மூலிகை, நட்சத்திரம் பற்றிய அறிவாகவும் வையுங்கள். ரோபோ இருந்த இடத்தில் மண்பூதம் நிற்கட்டும்.

குறையும் உண்டு. சண்டைக்கென்று தனி விதிகள் இல்லை. சண்டையும் மற்ற ஆபத்துகளைப் போல ஓரிரண்டு பகடை உருட்டலில் முடிந்துவிடும். கட்டம் போட்ட வரைபடத்தில் அடியெண்ணி நகர்ந்து, மந்திரத்தின் எல்லையை அளந்து ஆடுவதில் சுகம் காண்பவர்களுக்கு இது சப்பென்று இருக்கும். லெவல் ஏறும் சுகமும் குறைவு. உங்கள் மேசையில் அப்படிப்பட்டவர்கள் இருந்தால் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

இதே வரிசையில் 2019-இல் வந்த ‘திங்ஸ் ஃப்ரம் த ஃப்ளட்’ பதின்பருவத்தினருக்கானது. அதில் கேரக்டர்கள் சாகலாம். குழந்தைப் பருவம் முடிவதை விதியையே மாற்றிக் காட்ட விரும்பினால் முன்பாதிக்கு லூப்பையும் பின்பாதிக்கு ஃப்ளட்டையும் என்று இரண்டு புத்தகங்களையும் வைத்து ஆடலாம்.

பியாண்ட் த வால்

ஃப்ளாட்லேண்டு கேம்ஸ் 2013-இல் வெளியிட்ட இது அசல் ஃபேன்டஸி. பழைய டிஎன்டியின் எளிமையான வடிவம், ஒரு சிற்றூர், அங்கே ஒன்றாக வளர்ந்த நண்பர்கள். கேரக்டரை ‘பிளேபுக்’ என்ற சில பக்கத் தாள்களை வைத்து எல்லோரும் சேர்ந்து உருவாக்குவார்கள். பெற்றோர் ஊரில் என்ன தொழில் செய்தார்கள், சிறுவயதில் நீ எதற்குப் பேர்போனவன், ஊரில் வேறு யார் உன்னோடு நெருக்கம் என்று ஒவ்வொரு கேள்விக்கும் பகடை உருட்டினால் பதிலும் அதற்கேற்ற எண்களும் வரும். இடையிடையே ஆளுக்கொரு இடத்தையும் ஊர்க்காரரையும் கற்பனை செய்து வரைபடத்தில் சேர்ப்பார்கள். அந்த மாலை முடியும்போது ஆலைக்காரர், சூனியக்காரக் கிழவி, பாழடைந்த கோபுரம் எல்லாவற்றோடும் ஓர் ஊர் தயாராகிவிடும். கதையை நடத்தும் கேம் மாஸ்டர் தனியாக உட்கார்ந்து பத்துப் பக்கம் எழுதினாலும் இந்த ஒட்டுதல் வராது. ஆட்டக்காரர்களே பெயர் வைத்த ஊர் அல்லவா, அதற்கு ஆபத்து என்றால் அவர்களுக்குப் பதறும்.

இதன் நாயகர்கள் சிறுவர்கள் என்பதைவிட வளரும் விளிம்பில் நிற்கும் இளைஞர்கள் என்பதே சரி. பத்து வயதில் ஆட வேண்டுமானால் ஒரு வழி இருக்கிறது. பிளேபுக்கின் முதல் மூன்று அட்டவணைகள் குழந்தைப் பருவத்தைப் பற்றியவை. அவற்றை மட்டும் உருட்டிவிட்டு நிறுத்துங்கள். வீரனாவதா மந்திரவாதியாவதா என்பதைச் சொல்லும் மீதி அட்டவணைகளை, கதையில் சில ஆண்டுகள் தாண்டியபின் உருட்டலாம். பிள்ளையாக அவன் செய்தவற்றை ஆடிப் பார்த்தபின் வரும் அந்த முடிவுகளுக்குத் தனி அர்த்தம் கிடைக்கும்.

தோல்வி விஷயத்தில் இது பழைய பாணிதான். பூஜ்யத்தில் மயக்கம், பிறகு சுற்றுக்கு ஒரு புள்ளி இறங்கி மைனஸ் பத்தில் மரணம். தப்பிக்க ஃபார்ச்சூன் புள்ளிகள் உண்டு என்றாலும், சிறுவர்களுக்கு நான் இந்த விதியை மட்டும் எடுத்துவிடுவேன்.

மற்றவை, சுருக்கமாக

ஆடுகிறவர்களே சிறு பிள்ளைகள் என்றால் ‘ஹீரோ கிட்ஸ்’ எடுங்கள். நான்கு முதல் பத்து வயது வரையிலானவர்களுக்காக எழுதப்பட்டது, கேரக்டர்களும் சிறுவர்களே. ஆறுமுகப் பகடைகளை உருட்டி, இரு தரப்பிலும் பெரிய எண்ணை ஒப்பிட்டால் அடி விழுந்ததா என்று தெரிந்துவிடும். மூன்று அடி வாங்கினால் விழுந்துவிடுவார்கள், சாவதில்லை. முதல் கதையே சத்திரத்தின் நிலவறையில் எலிகளைத் தேடிப் போவது. பெரியவர்களின் நீண்ட கேம்பெயினுக்கு இது தாங்காது.

‘கிட்ஸ் ஆன் பைக்ஸ்’ 2018-இல் வந்தது. நான்குமுகத்திலிருந்து இருபதுமுகம் வரை ஆறு பகடைகளை ஆறு பண்புகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதுதான் கேரக்டர் உருவாக்கம். தோற்கும்போதெல்லாம் ஒரு டோக்கன் கிடைக்கும், பின்னால் வேறு பகடைக்கு அதைச் செலவிடலாம். அதாவது தோற்பதிலும் லாபம் உண்டு. அதன் மந்திரப் பள்ளி வடிவம் 2020-இல் வந்த ‘கிட்ஸ் ஆன் ப்ரூம்ஸ்’. பள்ளிக்கூடம்தான் உங்கள் களம் என்றால் வேறெதையும் தேட வேண்டாம். பள்ளியை விட்டு வெளியே காடுமேடு அலைய வேண்டும் என்றால் இதில் ஆதரவு குறைவு.

சிறுவர்களாகத் தொடங்கி வளர்வது

முழுக் கேம்பெயினையும் சிறுவர்களாகவே ஆட வேண்டும் என்று கட்டாயமில்லை. 2021-இல் வந்த டிஎன்டி சாகசமான ‘த வைல்டு பியாண்ட் த விட்ச்லைட்’ நல்ல வாசல். எட்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் மாயத் திருவிழாவுக்குச் சிறுவயதில் டிக்கெட் இல்லாமல் நுழைந்து, தன்னிடமிருந்த ஒன்றை இழந்தவர்களாகக் கேரக்டர்களைத் தொடங்கலாம். சிரிக்கும் திறன், திசையறியும் திறன் போன்றவை பறிபோயிருக்கும். புத்தகம் இதைப் பழைய நினைவாகவே வைக்கிறது. முதல் செஷனை அந்தச் சிறுவயது இரவாகவே ஆடிவிட்டு, அடுத்த செஷனை எட்டு ஆண்டு கழித்துத் தொடங்கினால் கதை எங்கேயோ போய்விடும். சண்டையே போடாமல் முழுச் சாகசத்தையும் முடிக்க முடியும் என்பதால் சிறுவர் பகுதியும் உறுத்தாமல் பொருந்துகிறது.

ஆண்டுகள் ஓட வேண்டும் என்றால் 1985-இல் கிரெக் ஸ்டாஃபோர்டு உருவாக்கிய ‘பென்ட்ராகன்’ ஆட்டத்தின் குளிர்காலக் கட்டத்தைக் கடன் வாங்குங்கள். சாகசம் முடிந்ததும் ஆண்டு முடியும், குடும்பத்தில் என்ன நடந்தது என்று பகடை சொல்லும். அந்த ஆட்டத்தில் அது வயது ஏறும் வீரர்களுக்கானது. பிள்ளைகளுக்கு, இந்த ஆண்டு யார் தொழில் பழகப் போனார்கள், யார் வீடு மாறினார்கள், எந்த நட்பு விலகியது என்று கேள்விகளை மாற்றிக்கொள்ளலாம்.

எதை எடுத்தாலும் பேசிவைக்க வேண்டியவை

சிறுவர் கேரக்டரைச் சுற்றி எந்தப் பாலியல் உள்ளடக்கமும் மேசையில் வரக்கூடாது. இதில் வாக்கெடுப்பும் இல்லை, விதிவிலக்கும் இல்லை. குடும்ப வன்முறை, கைவிடப்படுதல், பசி ஆகியவை வேறு ரகம். கதைக்கு அவை தேவைப்படலாம், ஆனால் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் யாருடைய குழந்தைப் பருவத்தில் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியாது. ஆட்ட வடிவமைப்பாளர் ரான் எட்வர்ட்ஸ் முன்வைத்த ‘லைன்ஸ் அண்டு வெயில்ஸ்’ முறையில், எது கதைக்குள் வரவே கூடாது, எது திரைக்குப் பின்னால் மட்டும் நடக்கலாம் என்று தொடக்கத்திலேயே எழுதி வாங்கிவிடலாம். ஆட்டத்தின் நடுவே தொட்டால் உடனே காட்சியை மாற்றிவிடும் எக்ஸ்-கார்டும் மேசையில் இருக்கட்டும். வளர்ந்த கேரக்டர்கள் ஆடும்போது இவற்றைத் தள்ளிப்போடும் மேசைகள்கூட இங்கே தள்ளிப்போடக் கூடாது. நாம் எல்லோருமே ஒரு காலத்தில் பிள்ளையாக இருந்தவர்கள், இந்த ஆட்டம் நேரே அங்கே போய்த் தொடும்.

என் தேர்வு

சண்டையும் லெவலும் வேண்டுகிற மேசைக்கு முழு எண்களோடு டிஎன்டி, மெதுவான லெவல், மரணமில்லாத பூஜ்யம். மர்மம், நட்பு, வீடு என்று ஆட விரும்பும் மேசைக்கு டேல்ஸ் ஃப்ரம் த லூப் விதிகள். பள்ளிக்குக் கிட்ஸ் ஆன் ப்ரூம்ஸ்.

எனக்கே தேர்ந்தெடுக்கச் சொன்னால் இரண்டைக் கலப்பேன். பியாண்ட் த வாலின் குழந்தைப் பருவ அட்டவணைகளை வைத்து முதல் மாலையில் ஊரையும் பிள்ளைகளையும் உருவாக்குவேன். அதன்பின் பகடைக்கு லூப்பின் வயதுக் கணக்கு, நான்கு நிலைகள், ஆங்கர். இரண்டும் ஒட்டுவதற்குத் தனி வேலை எதுவும் தேவைப்படாது. வரைபடத்தில் ஆட்டக்காரர்கள் சேர்க்கும் ஊர்க்காரர்களிலிருந்தே ஆளுக்கொரு ஆங்கரைத் தேர்ந்துகொள்ளச் சொன்னால் போதும். கேரக்டர் தாளின் மேல் ஓரத்தில் இன்னும் இரண்டு வரிகளை எழுதவைப்பேன்: வீட்டில் உனக்காகக் காத்திருப்பவர் யார், எத்தனை மணிக்குள் நீ வீடு திரும்ப வேண்டும். ஒவ்வொரு செஷனையும் அந்த நேரத்தை வைத்தே திட்டமிடலாம்.